அமெரிக்கப் பள்ளியிலிருந்து பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்துக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளை பிரிட்டனில் இளநிலைப் பட்டம் படிக்க விரும்பினால் எங்கே தொடங்குவது, எப்போது தொடங்குவது, எவ்வளவு செலவாகும்? பெற்றோரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அமெரிக்கப் பள்ளிகளில் கல்லூரி விண்ணப்பத்துக்கு வழிகாட்டும் ஆலோசகர்கள் (கவுன்சிலர்கள்) பலருக்கு இந்த வழி பழக்கமில்லை. அதனால் நல்ல மாணவர்கள்கூட பன்னிரண்டாம் வகுப்பு அக்டோபரில்தான் விழித்துக்கொள்கிறார்கள். அது தாமதம்.

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்திலிருந்து இது எப்படி மாறுபடுகிறது?

அமெரிக்காவில் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறோம். பிரிட்டனில் ஒரு பாடத்துக்கு விண்ணப்பிக்கிறோம். மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்தே வருகின்றன.

இங்கிலாந்தில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தால் முதல் வாரத்திலிருந்தே பொருளாதாரம்தான். எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்கள் கிடையாது. இரண்டாம் ஆண்டு முடிவில் மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, அறிவிக்கும் வழக்கமும் கிடையாது. பட்டம் மூன்றே ஆண்டுகளில் முடிவதற்குக் காரணம் இதுதான். சேர்ந்த பிறகு பாடம் மாற்றுவது கடினம். பல சமயம் முதல் ஆண்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டிவரும்.

சேர்க்கையை முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் பேராசிரியர்கள், அல்லது அவர்கள் வகுத்த அளவுகோலின்படி வேலை செய்யும் அலுவலர்கள். 'இந்தப் பிள்ளை என் பாடத்தை மூன்று வருடம் விடாமல் படிக்குமா?' என்பதே அவர்களுடைய கேள்வி. நீச்சல் பதக்கம், மாணவர் சங்கத் தலைமை, தன்னார்வ மணிநேரம் இவையெல்லாம் அங்கே பெரிதாக எடைபோடாது. அப்பா அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பதற்கும் தனிச் சலுகை இல்லை.

என்ன படிப்பது என்று இன்னும் முடிவு செய்யாத பிள்ளைக்கு இங்கிலாந்து பொருந்தாது என்பது என் கருத்து. அது குறையல்ல. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அமெரிக்க முறையோ ஸ்காட்லாந்தோ நல்லது.

யூகாஸ் என்பது என்ன?

பிரிட்டன் முழுவதற்குமான பொது விண்ணப்பத் தளம். ஒரே விண்ணப்பத்தில் அதிகபட்சம் ஐந்து படிப்புகளைத் தேர்ந்தெடுக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 30 பவுண்டுக்கும் குறைவு. ஐந்துக்கும் சேர்த்தே அவ்வளவுதான். நீங்கள் வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பது, முடிவுகளுக்குப் பதில் சொல்லும்வரை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது.

ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் என்றால் ஒவ்வொன்றிலும் நான்கு இடங்கள்வரைதான். ஐந்தாவதை வேறு பாடத்துக்குப் பயன்படுத்தலாம்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற சில பல்கலைக்கழகங்கள், அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாகவும் விண்ணப்பம் வாங்குகின்றன. பிரிட்டனில் ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் முயல்கிறீர்கள், அந்த இடம் காமன் ஆப்பை ஏற்கிறது என்றால் அது சுலபம். மற்றபடி யூகாஸ்தான்.

ஹைஸ்கூல் டிப்ளோமா போதாதா? எத்தனை ஏபி வேண்டும்?

பெரும்பாலும் போதாது. அமெரிக்க ஹைஸ்கூல் டிப்ளோமாவை மட்டும் வைத்துப் பார்த்தால், பிரிட்டிஷ் பிள்ளைகள் 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ அளவுக்குத்தான் பல பல்கலைக்கழகங்கள் அதை மதிக்கின்றன. அங்குள்ள மாணவர்கள் கடைசி இரண்டு ஆண்டுகள் மூன்று அல்லது நான்கு பாடங்களை மட்டும் ஆழமாகப் படித்து ஏ-லெவல் எழுதுகிறார்கள். அதற்கு ஈடாக அமெரிக்கப் பிள்ளையிடம் பல்கலைக்கழகங்கள் கேட்பது ஏபி (Advanced Placement) என்ற கல்லூரி அளவுத் தேர்வுகளின் மதிப்பெண்களை. அதில் உச்ச மதிப்பெண் 5.

கேம்பிரிட்ஜ் குறைந்தது ஐந்து ஏபி-யில் 5 கேட்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் நான்கு ஏபி-யில் 5, அல்லது மூன்று ஏபி-யில் 5 உடன், எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண். இவற்றுக்கு அடுத்த வரிசையில் உள்ள பல நல்ல பல்கலைக்கழகங்களில் மூன்று ஏபி-யில் 4 அல்லது 5 எடுத்திருந்தால் கதவு திறக்கும்.

எண்ணிக்கையைவிட எந்தப் பாடம் என்பதே முக்கியம். பொறியியலுக்கு கால்குலஸ் BC, பிசிக்ஸ் C ஆகிய ஏபி-க்கள் இல்லாமல் போகக் கூடாது. வேதியியல் படிக்கப் போகிறவரிடம் வேதியியல் ஏபி இல்லையென்றால், மற்ற ஆறு பாடங்களில் 5 இருந்தும் பயனில்லை. கால்குலஸில் உள்ள AB, BC என்ற இரண்டு ஏபி-க்களையும் இரண்டு தனித் தேர்வுகளாகப் பல இடங்களில் கணக்கில் எடுப்பதில்லை. செமினார், ரிசர்ச் போன்ற ஏபி-க்களையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஐபி (International Baccalaureate) டிப்ளோமா படிக்கும் பிள்ளைகளுக்கு ஏபி பற்றிய கவலை வேண்டாம். அதை எல்லா இடங்களிலும் நேரடியாக ஏற்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் எடுத்த வகுப்புகளைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்காது. அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் 'அமெரிக்கா' என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள்.

ஆகவே திட்டமிட வேண்டிய நேரம் பத்தாம் வகுப்பு. பதினோராம் வகுப்பு மே மாதத்தில் மூன்று முக்கியமான ஏபி-க்களை முடித்துவிட்டால், விண்ணப்பிக்கும்போதே மதிப்பெண் கையில் இருக்கும். எல்லாவற்றையும் கடைசி ஆண்டுக்குத் தள்ளினால் ஜூலைவரை நகம் கடிக்க வேண்டியதுதான்.

ஜிபிஏ, எஸ்ஏடி?

ஜிபிஏ-க்கு, அதாவது பள்ளி மதிப்பெண் சராசரிக்கு, குறைந்தபட்ச அளவு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, குறிப்பாக ஸ்காட்லாந்தில். இங்கிலாந்தில் அதன் எடை குறைவு. எஸ்ஏடி-யைச் சில இடங்கள் ஏபி-க்குத் துணையாகக் கேட்கின்றன. வெவ்வேறு நாள் எழுதியதில் சிறந்த பகுதிகளை எடுத்துச் சேர்ப்பதைப் பல இடங்கள் ஏற்பதில்லை. ஒரே நாளில் எடுத்த மொத்தம்தான் கணக்கு.

கடைசி நாள் எது?

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மற்றும் பெரும்பாலான மருத்துவ, பல் மருத்துவ, கால்நடை மருத்துவப் படிப்புகளுக்கு அக்டோபர் 15. மற்றவற்றுக்கு ஜனவரி, 2026-இல் அது ஜனவரி 14-ஆக இருந்தது. இரண்டும் பிரிட்டிஷ் நேரம் மாலை 6 மணிக்கு முடியும். அதாவது நியூயார்க்கில் மதியம் 1 மணி, கலிஃபோர்னியாவில் காலை 10 மணி. அமெரிக்க விண்ணப்பங்களைப்போல நள்ளிரவு 11:59 என்று நினைத்துக்கொண்டு பள்ளியிலிருந்து வந்து அனுப்பலாம் என்றிருந்தால், கதவு மூடியிருக்கும்.

ஜனவரி கெடுவுக்குப் பிறகும் ஜூன் 30 வரை வரும் விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவார்கள். ஆனால் இடம் மிச்சமிருந்தால்தான் பரிசீலிப்பார்கள். அதற்கும் பிறகு 'கிளியரிங்' என்ற காலியிடச் சேர்க்கை.

பர்சனல் ஸ்டேட்மென்டில் என்ன எழுதுவது? காமன் ஆப் கட்டுரையையே கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது.

யூகாஸ் விண்ணப்பத்தில் மாணவர் தன் பாட ஆர்வத்தை விளக்கும் பகுதிதான் பர்சனல் ஸ்டேட்மென்ட். 2026 சேர்க்கையிலிருந்து அதன் வடிவம் மாறிவிட்டது. முன்பு ஒரே நீண்ட கட்டுரை. இப்போது மூன்று கேள்விகள்: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்? உன் பள்ளிப் படிப்பு உன்னை எப்படி இதற்குத் தயார்படுத்தியது? பள்ளிக்கு வெளியே வேறென்ன செய்து தயாரானாய், அது ஏன் உதவும்? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட 4,000 எழுத்துகள். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும். ஒரே ஸ்டேட்மென்ட்தான் ஐந்து இடங்களுக்கும் போகும். ஒன்றுக்கு வரலாறு, இன்னொன்றுக்கு உளவியல் என்று கலந்து விண்ணப்பித்தால் இரண்டுமே ஒட்டாது.

அமெரிக்கக் கட்டுரை 'நீ யார்?' என்று கேட்கிறது. பாட்டியின் சமையலறை, தோற்ற போட்டி, புலம்பெயர்ந்த அனுபவம் எல்லாம் அங்கே செல்லும். இங்கே 'இந்தப் பாடத்தில் எதைப் பற்றி யோசித்தாய்?' என்பதுதான் கேள்வி.

ஒரு கற்பனை உதாரணம். நியூ ஜெர்சியில் சாண்ட்விச் கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவி பொருளாதாரத்துக்கு விண்ணப்பிக்கிறாள். முதல் வரைவில், 'கடை வேலை எனக்குப் பொறுப்பையும் நேர மேலாண்மையையும் கற்றுத் தந்தது' என்று எழுதுகிறாள். பேராசிரியருக்கு இது எதையும் சொல்லவில்லை. அவளுடைய மாநிலத்திலேயே 1992-இல் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 5.05 டாலராக உயர்த்தினார்கள். பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் நியூ ஜெர்சியின் துரித உணவுக் கடைகளைப் பக்கத்து பென்சில்வேனியாவின் கடைகளோடு ஒப்பிட்டு, ஊதியம் உயர்ந்ததால் வேலைகள் குறையவில்லை என்று 1994-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதைப் படித்துவிட்டு அவள் தன் கடையைப் பார்க்கட்டும்: முதலாளி ஆளைக் குறைத்தாரா, வேலை நேரத்தைக் குறைத்தாரா, விலையை ஏற்றினாரா? புள்ளியியல் ஏபி-யில் படித்ததை வைத்து, அந்த ஒப்பீட்டில் எந்த இடம் பலவீனமானது என்று அவளுக்குத் தோன்றுகிறது? இதை ஐந்தாறு வரியில் எழுதினால் அதே சாண்ட்விச் கடை மூன்றாவது கேள்விக்கு அருமையான பதிலாகிவிடும். நேர்முகத்தில் கேட்டாலும் பேச விஷயம் இருக்கும்.

படித்த புத்தகங்களின் பெயர்களை அடுக்காதீர்கள். ஒன்றைப் படித்து, அதோடு வாதாடுங்கள். படிக்காததைப் படித்ததாக எழுதினால் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் கவுன்சிலருக்கு யூகாஸ் பற்றி எதுவும் தெரியாது. என்ன செய்வது?

இது மிகவும் சகஜம். பள்ளி யூகாஸில் பதிவாகியிருக்கத் தேவையில்லை. மாணவர் தனிநபராக விண்ணப்பித்து, பரிந்துரை எழுதுபவரின் பள்ளி மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருக்கு இணைப்பு போகும். உறவினர்கள் எழுதக் கூடாது. பரிந்துரை வந்து சேராமல் விண்ணப்பத்தை அனுப்ப முடியாது என்பதால் செப்டம்பர் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அவரிடம் இரண்டு விஷயங்களை விளக்க வேண்டும். ஒன்று, பரிந்துரை ஒன்றே ஒன்றுதான்; அதில் குணநலனைவிடப் பாடத் திறன் பற்றி எழுத வேண்டும். பாட ஆசிரியர்களிடம் இரண்டு வரி வாங்கிச் சேர்த்தால் நன்றாக இருக்கும். இரண்டு, இன்னும் எழுதாத ஏபி-க்களுக்கு எதிர்பார்க்கும் மதிப்பெண்ணைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்க ஆசிரியர்கள் இதற்குத் தயங்குவார்கள். 'முன்கூட்டி நான் எப்படிச் சொல்வது?' என்பார்கள். பிரிட்டிஷ் பள்ளிகளில் இது அன்றாட வழக்கம், இது வாக்குறுதி அல்ல, ஆசிரியரின் மதிப்பீடு மட்டுமே என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அந்த எண் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தால் நிபந்தனையோடு இடம் தருவதற்கே அடிப்படை இருக்காது.

விண்ணப்பத்தின் கல்விப் பகுதியில் டிப்ளோமா, எழுதி முடித்த ஏபி-க்கள், எழுதப் போகும் ஏபி-க்கள், எஸ்ஏடி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும். எழுதப் போகும் ஏபி-யைத் தேர்வு மாதத்தோடு 'முடிவு நிலுவையில்' என்று போட வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

தனி நுழைவுத் தேர்வு உண்டா?

பாடத்தையும் இடத்தையும் பொறுத்தது. மருத்துவத்துக்கு யூகேட், அதைக் கோடையிலிருந்து செப்டம்பருக்குள் எழுதிவிட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, யூசிஎல், எல்எஸ்இ, டரம் போன்ற இடங்களில் சட்டத்துக்கு எல்நேட். கேம்பிரிட்ஜ், இம்பீரியலில் பொறியியல், அறிவியல் படிப்புகள் பலவற்றுக்கு ஈசேட். கணினியியலுக்கும் பொருளாதாரத்துக்கும் சில இடங்களில் டிஎம்யூஏ. எந்தப் படிப்புக்கு எந்தத் தேர்வு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. விண்ணப்பத்துக்குத் தனியாக, தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தேர்வுப் பதிவு செப்டம்பரிலேயே மூடிவிடலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் நேர்முகங்கள் பெரும்பாலும் டிசம்பரில், ஆன்லைனில். ஒரு சிறிய பாட வகுப்புபோலவே நடக்கும். தெரியாத கணக்கைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள்.

முடிவு எப்படி வரும்? மே 1-இல் அமெரிக்கக் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே?

தேவையான மதிப்பெண்கள் ஏற்கெனவே கையில் இருந்தால் நிபந்தனையற்ற இடம். இல்லையென்றால், 'மே தேர்வில் இன்னின்ன பாடத்தில் 5 வாங்கினால் இடம்' என்று நிபந்தனையோடு வரும். ஐந்து முடிவுகளும் வந்த பிறகு ஒன்றை முதல் தேர்வாகவும் ஒன்றை மாற்றாகவும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும். மாற்றாக வைப்பது, நிபந்தனை எளிதாக உள்ள இடமாக இருப்பது நல்லது. ஏபி முடிவுகள் ஜூலை தொடக்கத்தில் வரும்; அவற்றை காலேஜ் போர்டு வழியாக அதிகாரபூர்வமாக அனுப்பச் சொல்லும் இடங்கள் உண்டு.

சிக்கல் என்னவென்றால், ஜனவரி கெடுவுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு முடிவு சொல்ல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு மே நடுப்பகுதிவரை அவகாசம் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளோ மே 1-இல் முன்பணம் கேட்கின்றன. ஜனவரிவரை காத்திருக்காமல் அக்டோபர், நவம்பரிலேயே யூகாஸை அனுப்பிவிடுங்கள். பல இடங்கள் விண்ணப்பம் வர வர முடிவு சொல்கின்றன. அப்படியும் வராவிட்டால், மே 1 பற்றிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதலாம். நிபந்தனை நிறைவேறுமா என்ற சந்தேகம் இருந்தால், அமெரிக்கக் கல்லூரியின் முன்பணத்தைக் கட்டிவைத்து, பிறகு தேவைப்பட்டால் இழப்பதே பல குடும்பங்கள் எடுக்கும் வழி.

ஏர்லி டிசிஷனோடு சேர்த்து விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிக்கலாம். ஆனால் ஏர்லி டிசிஷன் என்பது, கிடைத்தால் சேர்ந்தே ஆகிறேன் என்ற உறுதியோடு ஓர் அமெரிக்கக் கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பது. அதில் இடம் கிடைத்துவிட்டால் யூகாஸை விலக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. ஆக்ஸ்ஃபோர்டு முடிவு ஜனவரியில் வருவதால், அதைப் பார்க்காமலே முடிவெடுத்தாகிவிடும். ஆக்ஸ்ஃபோர்டுதான் முதல் ஆசை என்றால் ஏர்லி டிசிஷன் வேண்டாம். ஹார்வர்ட், யேல் போன்றவற்றின் முன்கூட்டிய விண்ணப்ப முறையான, கட்டுப்பாடுள்ள ஏர்லி ஆக்‌ஷன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதைத் தடுப்பதில்லை.

ஸ்காட்லாந்து ஏன் அமெரிக்க மாணவர்களுக்குப் பொருந்தும் என்கிறார்கள்?

அங்கே பட்டம் நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் முக்கியப் பாடத்தோடு வேறு பாடங்களையும் எடுத்து, பிறகு திசையைச் சற்று மாற்றிக்கொள்ள இடமுண்டு. எடின்பரோ, கிளாஸ்கோ, செயின்ட் ஆண்ட்ரூஸ், அபர்டீன் எல்லாம் இப்படித்தான். கலைப் பாடங்களுக்கு அங்கே முதல் பட்டத்தையே எம்.ஏ. என்பார்கள், அது முதுநிலை அல்ல. ஓர் ஆண்டு கூடுதல் என்பதால் செலவும் கூடும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

வெளிநாட்டு மாணவர் கட்டணம் இடத்துக்கும் பாடத்துக்கும் ஏற்ப மிகவும் மாறுபடும். ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்குச் சற்று மேல் தொடங்கும் இடங்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 2025-இல் சேர்ந்தவர்களுக்கு அது சுமார் 37,000 முதல் 63,000 பவுண்ட்வரை. கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகக் கட்டணத்தோடு கல்லூரிக் கட்டணம் தனி. ஆய்வகப் பாடங்கள் கலைப் பாடங்களைவிட விலை அதிகம், மருத்துவம் எல்லாவற்றையும்விட.

தங்கும் இடம், சாப்பாடு, விமானம், விசா, சுகாதாரக் கட்டணம் எல்லாவற்றையும் மூன்று ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால், முழுக் கட்டணம் கேட்கும் அமெரிக்கத் தனியார் கல்லூரியின் நான்கு ஆண்டுச் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் பல சமயம் அதிகம். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அமெரிக்கக் கல்லூரிகள் தாராளமாக உதவி தருகின்றன. பிரிட்டனில் வெளிநாட்டு இளநிலை மாணவர்களுக்கு அப்படிப்பட்ட உதவி மிக அரிது. 'பிரிட்டன் மலிவு' என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள்.

அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடைக்குமா?

குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும், திட்டத்தில் பங்கேற்கும் பல்கலைக்கழகங்களில் கிடைக்கும். ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பும்போது அந்தப் பல்கலைக்கழகத்தின் குறியீட்டு எண்ணைத் தேடுங்கள். வெளிநாட்டு இடங்களுக்கு அது பெரும்பாலும் 'ஜி' எழுத்தில் தொடங்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அமெரிக்க அரசு தரும் பெல் மானியம் வெளிநாட்டில் செல்லாது. பெற்றோரைச் சார்ந்த மாணவருக்கு நேரடிக் கடன் முதல் ஆண்டில் 5,500 டாலர்தான். மிச்சத்துக்குப் பலர் நம்பியிருந்த, பெற்றோர் பெயரில் வாங்கும் பேரன்ட் பிளஸ் கடனுக்கும் 2026 ஜூலை முதல் வரம்பு வந்திருக்கிறது: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர். தகுதியுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் 529 என்ற வரிச்சலுகைக் கல்விச் சேமிப்பைப் பயன்படுத்தலாம்.

பிரிட்டனில் படிக்கத் தரும் ரோட்ஸ், மார்ஷல் உதவித்தொகைகள் பட்டம் முடித்தவர்களுக்கானவை; இளநிலைக்கு உதவாது.

பிள்ளைக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. உள்நாட்டுக் கட்டணம்தானே?

பாஸ்போர்ட் மட்டும் போதாது. படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் வழக்கமாக வசித்த இடமும் கணக்கு. லண்டனில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்கா வந்த பிள்ளைக்குப் பெரும்பாலும் வெளிநாட்டுக் கட்டணமே விதிப்பார்கள். பெற்றோரின் தற்காலிக வேலைக்காக வெளியே இருந்ததாகக் காட்ட முடிந்தால் விதிவிலக்கு உண்டு. ஆவணங்களோடு பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். விசா தேவைப்படாது என்பது நிச்சய லாபம்.

விசா?

இடம் உறுதியானதும் பல்கலைக்கழகம் காஸ் என்ற எண் தரும். அதை வைத்து, படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். விசாக் கட்டணம் 500 பவுண்டுக்கு மேல். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்ட். மூன்று ஆண்டுப் படிப்புக்கு விசாவின் கூடுதல் மாதங்களும் சேர்ந்து சுமார் 2,700 பவுண்டை முன்பே மொத்தமாகக் கட்ட வேண்டும். இந்தத் தொகையைப் பல குடும்பங்கள் பட்ஜெட்டில் போடுவதே இல்லை.

வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529, வெளியே 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்குப் பணம் இருக்க வேண்டும் என்பது 2025 நவம்பரில் வந்த அளவு. முதல் ஆண்டுக் கட்டணத்துக்கான பணம் இதோடு கூடுதலாக இருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமக்களிடம் பொதுவாக இதற்கான ஆவணத்தை முதலிலேயே கேட்பதில்லை. கேட்டால் காட்ட வேண்டும்.

படிக்கும்போது கல்விப் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். பட்டம் முடித்த பிறகு வேலை தேடித் தங்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

அங்கே பட்டம் வாங்கி அமெரிக்கா திரும்பினால் மதிப்பு இருக்குமா?

முதுநிலைப் படிப்புக்கும் பெரும்பாலான வேலைகளுக்கும் இருக்கும். மதிப்பெண் முறையை மட்டும் விளக்க வேண்டிவரும்: அங்கே 70-உம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை நல்ல இரண்டாம் வகுப்பு. முதல் கட்டுரைக்கு 64 வாங்கிய பிள்ளை போனில் அழுதால், நன்றாகத்தான் செய்திருக்கிறாய் என்று சொல்லுங்கள்.

மருத்துவக் கனவு இருந்தால் முன்கூட்டியே யோசியுங்கள். பிரிட்டனில் பள்ளி முடித்ததும் நேரடியாக ஐந்து அல்லது ஆறு ஆண்டு மருத்துவப் படிப்பு. அமெரிக்காவில் பணிபுரிய யூஎஸ்எம்எல்இ என்ற மருத்துவ உரிமத் தேர்வை எழுதி, வெளிநாட்டுப் பட்டதாரியாக ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போட்டியிட வேண்டும். மாறாக, பிரிட்டனில் உயிரியல் படித்துவிட்டு அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் சேரலாம் என்று நினைத்தால், அவற்றில் பல அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன.

நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், பிள்ளை எங்களைச் சார்ந்த எச்-4 விசாவில். கிரீன் கார்டு இருந்தால் வேறுபடுமா?

விண்ணப்ப முறையில் வேறுபாடு இல்லை. அமெரிக்கப் பள்ளியில் படித்த ஏபி-க்களே போதும். பண விஷயத்திலும் விசாவிலும் வேறுபடும். எச்-4 பிள்ளைக்கு அமெரிக்க அரசுக் கடன் கிடையாது. பிள்ளை இந்தியக் குடிமகன் என்றால், பிரிட்டிஷ் விசாவுக்கு, மேலே சொன்ன பணம் 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருந்ததற்கான சான்றைக் கொடுக்க வேண்டும். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும் என்ற கவலையில்தான் பல இந்தியக் குடும்பங்கள் பிரிட்டனைப் பார்க்கின்றன. அந்தக் காரணம் நியாயமானது. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் இருக்கும்போது பிள்ளை நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் என்ன ஆகும் என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கிரீன் கார்டு கையில் இருந்தாலும் கவனம் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கு அறுபடலாம். ஓர் ஆண்டைத் தாண்டினால் கிரீன் கார்டே கேள்விக்குள்ளாகும். ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டுக்கு வருவது, புறப்படும் முன்பே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிப்பது, அமெரிக்காவில் வரித் தாக்கலையும் வங்கிக் கணக்கையும் தொடர்வது ஆகியவற்றைப் பற்றியும் அதே வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.